விபிஎன் வழியாக வரும் யாங்கூன் வாடிக்கையாளர்களுக்கு விளம்பரம் போய்ச் சேரவில்லை

வணக்கம். மியான்மரின் யாங்கூனில் வீட்டிலேயே சாம்பார்ப் பொடி, கறி மசாலா, முறுக்கு செய்து விற்கிறோம். வியாபாரம் முகநூல் பக்கத்தையும் ஒரு சின்ன வலைப்பூவையும் நம்பித்தான் நடக்கிறது.

2021 பிப்ரவரியில் இங்கே முகநூல் தடை வந்தபோதும் எல்லோரும் விபிஎன் (வேறு நாட்டு சர்வர் வழியாகத் தடையைத் தாண்ட உதவும் செயலி) போட்டுப் பார்த்ததால் சமாளித்தோம். 2024 நடுவில் பல விபிஎன்களும் முடங்கின. அப்புறம் ஆர்டர் பாதிக்குக் கீழே போய்விட்டது. அம்மாவின் கைப்பக்குவம் மாறவில்லை, பழைய வாடிக்கையாளர்கள் இன்றும் கேட்டு வாங்குகிறார்கள். புது ஆள்தான் வருவதில்லை.

வலைப்பூவைப் பார்ப்பவர்கள் சிங்கப்பூர், அமெரிக்கா என்றே பதிவாகிறார்கள். விபிஎன் சர்வர் இருக்கும் நாடுதான் தெரியும், சரி. ஆனால் யாங்கூன் என்று குறித்து விளம்பரம் போட்டால் பார்ப்பவர்கள் மிகக் குறைவு. சிங்கப்பூரையும் சேர்த்தால் அங்கேயே குடியிருப்பவர்கள் விலை கேட்கிறார்கள், பணம்தான் கரைகிறது.

பர்மிய மொழி வைத்திருப்பவர்களுக்கு மட்டும் என்று மாற்றினேன், சிங்கப்பூரில் வேலை செய்யும் நம் ஊர்க்காரர்களும் அதில் வந்துவிடுகிறார்கள். இணையம் மெதுவாக இருப்பதால் வீடியோவை விட்டுச் சின்னப் படங்கள் போட்டேன். மூன்று மாதம் டிக்டாக்கும் செய்தேன், பார்க்கிறார்கள், வாங்குவதில்லை. வைபர் (செய்தி அனுப்பும் செயலி) குழுவில் இருப்பது பழைய வாடிக்கையாளர்கள்தான்.

யாங்கூனிலோ மாண்டலேயிலோ இப்படி வியாபாரம் செய்பவர்கள், விபிஎன்னில் வரும் உள்ளூர் ஆட்களுக்கு மட்டும் விளம்பரம் போக இடத்தை எப்படிக் குறிக்கிறீர்கள்?