கிரிக்கெட் பவுலரை பிட்சர் ஆக்குகிறோம்: மவுண்டில் ஏறினால் பந்து மேலே போகிறது

சாட்ஸ்வொர்த் கோச்
வணக்கம். டர்பனில் எங்கள் பேஸ்பால் அணிக்கு ஒரு 16 வயதுப் பையன் வந்திருக்கிறான். பள்ளி கிரிக்கெட்டில் வேகப்பந்து வீசியவன், வலது கை. சமதரையில் கேட்சர் (பேஸ்பாலின் விக்கெட் கீப்பர்) கிளவுஸுக்கு நேராக வருகிற பந்து, மவுண்டில் (பந்து வீசும் பிட்சர் நிற்கும் மேடு) ஏறியதும் வலது கை பேட்டரின் தோள்பக்கம் மேலே பறக்கிறது. எங்கள் மைதானத்தில் மவுண்ட் கிடையாது, போட்டியில்தான் ஏறுகிறான். அடுத்த மாதம் ஜோகன்னஸ்பர்க்கில் ஆட்டம் இருக்கிறது. இன்னொன்று, யாராவது பந்தை விட்டுவிட்டால் அவரை முறைத்துக்கொண்டே நிற்கிறான். எங்கிருந்து தொடங்குவது?

இடதுகை
கையை விடுங்கள் அண்ணா, காலைப் பாருங்கள். வீசும் கை இருக்கும் பக்கமாகவே பந்து மேலே போனால், பெரும்பாலும் முன்தோள் சீக்கிரம் திறந்து கை பின்தங்கியிருக்கும். மவுண்டின் சரிவு அடிக்கு 1 அங்குலம், ரப்பருக்கு (பிட்சர் கால் ஊன்றும் பட்டை) 6 அங்குலம் முன்னால் தொடங்கும். ஐந்தரை அடி எட்டு வைத்தால் பாதம் ரப்பரை விட 5 அங்குலம் கீழே இறங்கும். சமதரைக்குப் பழகிய உடம்பு அந்தக் கூடுதல் நொடித்துளிக்குக் காத்திருக்காது, பாதம் தரையைத் தொடுவதற்குள் மார்பு திரும்பிவிடும்.

ரப்பர் நடுவிலிருந்து ஹோம் பிளேட் (பேட்டர் பக்கத்தில் நிற்கும் தரைத்தகடு) வரை சுண்ணாம்புக் கோடு போடுங்கள். முன்பாதம் கோட்டின் மேல் விழ வேண்டும். மூன்றாம் பேஸ் (பேஸ் என்பது ரன்னர் தொட ஓடும் இடம்) பக்கம், அதாவது அவனுக்கு வலப்பக்கம், கொஞ்சம் தள்ளி விழுந்தால் பரவாயில்லை, முதல் பேஸ் பக்கம், அதாவது இடப்பக்கம், விழக்கூடாது. கிளவுஸை விலாவுக்கு இழுக்காமல், மார்பு கிளவுஸை நோக்கி வரட்டும். பாதி வேகத்தில் இது படிந்த பிறகுதான் முழு வேகம்.

முழங்கையையும் கவனியுங்கள். கிரிக்கெட்டில் 15 டிகிரிக்கு மேல் மடக்கி நீட்டக்கூடாது என்பதால் நீட்டிய கையே அவனுக்குப் பழக்கம். இங்கே பாதம் இறங்கும்போது முழங்கை தோள் உயரத்தில் ஏறத்தாழ செங்கோணமாக மடங்கியிருக்க வேண்டும். பவுலிங்கை மறந்து, பவுண்டரியிலிருந்து கீப்பருக்கு எறிவதை நினைக்கச் சொல்லுங்கள். அந்த அசைவு அவனிடம் ஏற்கெனவே இருக்கிறது. பேஸ்பால் 142 முதல் 149 கிராம்தான், கிரிக்கெட் பந்தை விட லேசு. அதனால் எவ்வளவு வேண்டுமானாலும் எறியலாம் போலத் தோன்றும். அங்கேதான் முழங்கை போகும்.

மரவேலை மாமா
மவுண்ட் இல்லையென்றால் செய்துகொள்ளுங்கள். 2440க்கு 1220 மில்லிமீட்டர் ஷட்டர்ப்ளை (ஒட்டுப்பலகை), 21 மில்லிமீட்டர் தடிமன். பின்னால் 2 அடி சமதளம், 6 அங்குல உயரம். மீதி 6 அடி சரிந்து தரையைத் தொடட்டும். அந்த 2 அடியில் வெட்டி இரண்டு துண்டாக்கினால்தான் அந்த மடிப்பு வரும். சமதளத்தின் முன்விளிம்பிலிருந்து 6 அங்குலம் விட்டு ரப்பரைப் பதியுங்கள். அங்கிருந்து ஹோம் பிளேட்டின் பின்முனைக்கு 18.44 மீட்டர். அசல் மவுண்ட் 10 அங்குல உயரம், ஆனால் கால் பழகத் தேவை சரிவுதான்.

முன்கால் விழும் இடத்தில் அடியில் குறுக்குச் சட்டங்களை நெருக்கமாக வையுங்கள், பலகை முதலில் உடைவது அங்கேதான். மேலே செயற்கைப் புல் ஒட்டி, ஸ்பைக்ஸ் இல்லாத ஷூவோடு ஏறட்டும்.

கேட்சர் கண்ணாடி
ஜோகன்னஸ்பர்க் கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,750 மீட்டர் உயரம். காற்றின் அடர்த்தி டர்பனை விட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. சுழலும் பந்து காற்றைப் பிடித்துத்தான் வளைகிறது, ஆகவே கர்வ்பால் (சுழற்றி வளைய வைக்கும் பந்து) அங்கே சோம்பலாகி நடுவில் தொங்கும், அடித்தால் தூரமும் போகும். வளைவை நம்பாமல் சேஞ்ச்அப் (வேகப்பந்து போலத் தோன்றி மெதுவாக வரும் பந்து) கற்றுக்கொடுங்கள். பந்தை உள்ளங்கைக்குள் ஆழமாகப் பிடித்து, ஃபாஸ்ட்பால் போலவே கையை முழு வேகத்தில் வீச வேண்டும். கை வேகத்தைக் குறைத்தால் பேட்டர் கண்டுபிடித்துவிடுவார். காற்று காய்ந்திருப்பதால் பந்து வழுக்கும், ரோசின் பையை (பிடிப்புக்குக் கையில் தடவும் பொடி) மறக்காதீர்கள்.

முறைப்பது பற்றி: பந்து உயிரோடு இருக்கும்போது பிட்சருக்கு முறைக்க நேரமே கிடையாது. முதல் பேஸ் பக்கம் பந்து தரையோடு போனால் அவன் முதல் பேஸுக்கு ஓட வேண்டும். நேராக பேஸுக்கு அல்ல, அதற்குப் பத்துப் பன்னிரண்டு அடி முன்னால் ஃபவுல் கோட்டை (மைதானத்தின் பக்க எல்லைக்கோடு) நோக்கிப் போய், அங்கிருந்து கோட்டுக்கு இணையாகத் திரும்பி, பந்தை வாங்கிய பிறகு பேஸின் உள்விளிம்பை வலக்காலால் மிதிக்க வேண்டும். குறுக்கே போனால் ரன்னரோடு மோதுவான். இரண்டாம் பேஸில் ஆள் இருக்கும்போது சிங்கிள் (பேட்டர் முதல் பேஸ் வரை போகும் அடி) விழுந்தால், அவன் இடம் ஹோம் பிளேட்டுக்கு நன்றாகப் பின்னால்.

ஃபீல்டர்கள் பந்தை விடும் பிழைகளில் பாதிக்கு அவனே காரணமாக இருக்கலாம். வரிசையாக வாக் (தப்பாக வீசி பேட்டரை இலவசமாக முதல் பேஸுக்கு விடுவது) கொடுத்து, ஒவ்வொரு பந்துக்கும் நேரம் கடத்தினால் ஃபீல்டர்கள் குதிகாலில் நின்றுவிடுவார்கள். முதல் பந்திலேயே ஸ்ட்ரைக் (பேட்டர் அடிக்கக்கூடிய எல்லைக்குள் வரும் பந்து) போடுகிறவருக்குப் பின்னால் ஆட்கள் முன்பாதத்தில் நிற்பார்கள். எரரால் (ஃபீல்டரின் பிழையால்) வந்த ரன் பிட்சரின் ரன் சராசரியில் ஏறாது என்பதையும் சொல்லிவையுங்கள்.

கேட்சரோடு தனியாக உட்காரட்டும். எந்தப் பந்து என்று கேட்சர் காட்டும் சைகை இரண்டாம் பேஸில் நிற்கும் எதிரணி ஆளுக்கும் தெரியும், அப்போது சைகை மாற வேண்டும்: மூன்று சைகையில் இரண்டாவதுதான் நிஜம் என்பது போல. குழம்பினால் கேட்சரின் கட்டைவிரல்தான் உடையும்.

சாட்ஸ்வொர்த் கோச்
நன்றி. பலகை வேலையைத் தொடங்குகிறோம். ஒரு நாளைக்கு எத்தனை பந்து வரை விடலாம்?

இடதுகை
மேஜர் லீக்கும் யுஎஸ்ஏ பேஸ்பாலும் சேர்ந்து வெளியிட்ட பிட்ச் ஸ்மார்ட் அளவுப்படி 15, 16 வயதுக்கு ஒரு நாளில் 95. 30 வரை ஓய்வு தேவையில்லை, 31 முதல் 45க்கு 1 நாள், 60 வரை 2, 75 வரை 3, அதற்கு மேல் 4 நாள். புதியவன் என்பதால் 45இல் நிறுத்துங்கள். எண்ணும் வேலையை மைதானத்துக்கு வெளியே ஒருவரிடம் கொடுங்கள். பிட்ச் போட்ட ஆட்டத்திலேயே அவனைக் கேட்சராக உட்கார வைக்காதீர்கள். அதே வாரத்தில் கிரிக்கெட்டிலும் வீசுகிறானா என்று பள்ளிப் பயிற்சியாளரிடம் கேளுங்கள், அந்த ஓவர்களும் இதே தோளில்தான் ஏறுகின்றன.