மெயில் புரோகிராம் தானாக மூடிக்கொள்கிறது, நாளை மறுநாள் ஏலம், உதவி தேவை

ஏலக்கடை (போடி), காலை 9.12

வணக்கம். ஆபீஸ் மெயிலைத் திறந்தால் இரண்டு நிமிடத்தில் தானாக மூடிக்கொள்கிறது. மூன்று நாளாக இப்படித்தான். புதிதாக இறக்கி மறுபடி போட்டுப் பார்த்தேன், கம்ப்யூட்டரை நாலு தடவை ரீஸ்டார்ட் செய்தேன், ஒன்றும் மாறவில்லை. நாளை மறுநாள் கேரளப் பக்கம் புற்றடியில் ஏலக்காய் ஏலம். லாட் பட்டியல், ஈ-வே பில் எல்லாம் அதற்குள்தான் கிடக்கிறது. முதலாளி மணிக்கொரு தரம் போன் போடுகிறார். தெரிந்தவர்கள் உடனே சொல்லுங்கள்.

கம்பம் திராட்சை, காலை 9.20

எந்தப் புரோகிராம் என்று சொல்லவே இல்லையே அண்ணே. அவுட்லுக்கா, தண்டர்பேர்டா? விண்டோஸ் எது? மூடும்போது ஏதாவது எழுதிக் காட்டுகிறதா, இல்லை சத்தமில்லாமல் போய்விடுகிறதா?

நகரித் தறி, காலை 9.26

உங்களுக்கு மலையாளத்தில் மெயில் வருமா? இருந்தால் அதைத்தான் முதலில் சந்தேகப்படுவேன். 2018 பிப்ரவரியில் எங்கள் பக்கம் நடந்தது நன்றாக நினைவிருக்கிறது. தெலுங்கில் 'ஜ்ஞா' என்ற கூட்டெழுத்து ஒன்று வந்தாலே ஐபோனில் மெசேஜ் ஆப் அப்படியே விழுந்துவிடும், திரும்பத் திறந்தாலும் விழும். நகரி, புத்தூர் பக்கம் பாதிப் பேர் வீட்டில் தெலுங்கு, கடையில் தமிழ், அதனால் எங்களுக்கு அது பெரிய தலைவலி. ஒரே ஒரு எழுத்துக்கு அந்தப் பாடு. உங்கள் மெயிலிலும் அப்படி ஓர் எழுத்து உட்கார்ந்திருக்கலாம்.

பழைய விசைப்பலகை, காலை 9.41

தம்பி, 'மெயில் மூடிக்கொள்கிறது' என்பது டாக்டரிடம் போய் 'உடம்பு சரியில்லை' என்று சொல்வது போல. இங்கே வருஷக்கணக்கில் இதே கேள்விகளைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன், இன்னொரு முறையும் கேட்கிறேன். புரோகிராம் எது, எந்தப் பதிப்பு, கணக்கு பாப்பா (மெயிலைக் கம்ப்யூட்டருக்கு இறக்கி வைப்பது) ஐமேப்பா (சர்வரிலேயே வைப்பது), மெயில் மொத்தம் எத்தனை ஜிபி, மூடுவதற்கு முன்னால் எதைத் தொடுகிறீர்கள். தண்டர்பேர்டாக இருந்தால் ஷிப்ட் கட்டையை அழுத்திக்கொண்டே திறங்கள், ட்ரபுள்ஷூட் மோட் வரும். அதில் ஒட்டுச்செயலிகள் எதுவும் ஓடாது. அப்போதும் மூடுகிறதா என்று பார்த்துவிட்டு வந்து எழுதுங்கள். அதுவரை யாரும் ஜோசியம் சொல்ல வேண்டாம்.

ஏலக்கடை, காலை 10.05

தண்டர்பேர்ட்தான். விண்டோஸ் 10. ஷிப்ட் போட்டுத் திறந்தேன், கொஞ்சம் நேரம் தாங்கியது, இன்பாக்ஸைத் தொட்டதும் உறைந்து நின்று மூடிவிட்டது. சென்ட் பெட்டி திறக்கிறது. மலையாளம் வரும், வண்டன்மேட்டுப் பக்கமிருந்து வரும் மெயிலில் பாதி மலையாளம்தான்.

நகரித் தறி, காலை 10.09

பாருங்கள், மலையாளம் இருக்கிறது என்கிறார்.

கொழிஞ்சாம்பாறை, காலை 10.31

அண்ணா, அந்தத் தெலுங்கு எழுத்து விவகாரம் ஆப்பிள் கருவிகளில் மட்டும் வந்தது. அதே மாதம் 11.2.6 என்று ஒரு பதிப்பு விட்டுச் சரிசெய்துவிட்டார்கள். விண்டோஸில் ஓடும் தண்டர்பேர்டுக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. எனக்குத் தினமும் மலையாள மெயில் வருகிறது, ஒரு நாளும் விழுந்ததில்லை.

மலையாளத்தில் உண்மையான தொல்லை தேடலில்தான். சில்லெழுத்து என்று இருக்கிறதே, ண், ன், ர், ல், ள் எல்லாம் சொல்லின் கடைசியில் தனி உருவத்தில் வரும். 2008 வரை அதை எழுத மெய்யெழுத்தோடு கண்ணுக்குத் தெரியாத ஓர் இணைப்புக் குறியைச் சேர்க்க வேண்டும். அந்த வருஷம் எல்லா மொழி எழுத்துக்கும் எண் கொடுக்கும் யூனிகோடு, தன் 5.1 பதிப்பில் ஒவ்வொரு சில்லுக்கும் தனி இடம் கொடுத்துவிட்டது. இப்போது பழைய விசைப்பலகைக்காரர் அடித்த 'அனில்' ஒன்று, புதியதில் அடித்த 'அனில்' வேறொன்று. திரையில் இரண்டும் அச்சு அசல் ஒன்றுபோல இருக்கும், ஆனால் ஒன்றைத் தேடினால் மற்றது வராது. பாலக்காட்டில் ஒரு கடையில் நான் கணக்குப் பார்த்தபோது ஒரே ஆளுக்கு இரண்டு பேரேடு ஓடிக்கொண்டிருந்தது, காரணம் இதுதான்.

கம்பம் திராட்சை, காலை 10.40

எனக்கென்னவோ கரண்ட் என்று தோன்றுகிறது. சாரல் பிடித்தால் மலையோரம் முழுக்க லைட் மங்கி மங்கி எரியும். மெயில் புரோகிராம் எழுதிக்கொண்டிருக்கும்போது பட்டென்று நின்றால் ஃபைல் பாதியில் நிற்கும். யூபிஎஸ் இருக்கிறதா? பேட்டரி எத்தனை வருஷம் ஆகிறது?

பழைய விசைப்பலகை, காலை 10.52

சில்லெழுத்து வகுப்பைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள் ஐயா. இங்கே ஒருவருக்கு இன்பாக்ஸ் திறக்கவில்லை.

கொழிஞ்சாம்பாறை, காலை 11.03

மொழியைக் குற்றம் சொன்னதால் பதில் சொன்னேன். இது மலையாளத்துக்கு மட்டும் உள்ள சங்கதியும் இல்லை. நம் 'ஸ்ரீ'யையே எடுத்துக்கொள்ளுங்கள். ஸ போட்டு எழுதுவது ஒன்று, 2005இல் யூனிகோடு 4.1இல் சேர்ந்த ஶ போட்டு எழுதுவது இன்னொன்று. கண்ணுக்கு ஒரே எழுத்து. ஏல வியாபாரத்தில் ஸ்ரீ இல்லாத கடைப் பெயர் எத்தனை இருக்கும்?

நகரித் தறி, காலை 11.10

அப்படியானால் தப்பு யூனிகோடுக்காரர்களுடையது. ஓர் எழுத்துக்கு இரண்டு எண் எதற்கு?

கொழிஞ்சாம்பாறை, காலை 11.18

கேரளத்திலும் சில்லுக்குத் தனி எண் வேண்டாம் என்று வாதாடியவர்கள் இருந்தார்கள். கொடுத்தது கொடுத்ததுதான், யூனிகோடில் ஒருமுறை ஏறிய எழுத்தை இறக்க மாட்டார்கள். தேடல் எழுதுகிறவர்கள்தான் இரண்டையும் ஒன்றாகப் பார்க்க வேண்டும்.

மேற்குமலை, காலை 11.25

ஏலக்கடை அண்ணே, முதலில் ஏலத்தைக் காப்பாற்றுங்கள். உங்கள் மெயில் முகவரி எந்தச் சர்வரில் இருக்கிறதோ அதற்கு வெப்மெயில் இருக்கும், பிரவுசரில் திறந்து லாட் பட்டியலை எடுத்துக்கொள்ளுங்கள். பாப் கணக்காக இருந்தால் 'சர்வரில் ஒரு பிரதி விட்டுவை' என்ற குறி போட்டிருக்கிறதா என்பதைப் பொறுத்துப் பழைய மெயில் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். இந்த வாரம் வந்தவையாவது கிடைக்க வாய்ப்பு அதிகம். கிடைக்காவிட்டால் அனுப்பியவரிடம் வெட்கப்படாமல் மறுபடி கேட்டுவிடுங்கள்.

அப்புறம் ஹெல்ப் மெனுவில் ட்ரபுள்ஷூட்டிங் இன்ஃபர்மேஷன் என்று இருக்கும். அதில் புரொஃபைல் ஃபோல்டரைத் திறக்கும் பட்டன் உண்டு. உள்ளே மெயில் ஃபோல்டரில் என்னென்ன ஃபைல் எவ்வளவு பெரியது என்று பார்த்து எழுதுங்கள். தண்டர்பேர்ட் ஒவ்வொரு பெட்டியையும் ஒரே நீள ஃபைலாக வைக்கும், இன்பாக்ஸில் உள்ள அத்தனை மெயிலும் இன்பாக்ஸ் என்ற ஒரே ஃபைலில் ஒன்றன்பின் ஒன்றாக இருக்கும். பக்கத்தில் எம்எஸ்எஃப் என்று முடியும் சின்ன ஃபைல் அதற்கு அட்டவணை. எதையும் அழிக்காதீர்கள், பார்த்து மட்டும் எழுதுங்கள்.

ஏலக்கடை, மதியம் 1.47

வெப்மெயிலில் பட்டியல் கிடைத்துவிட்டது, உயிர் வந்தது. நீங்கள் கேட்டது:

இன்பாக்ஸ் 41,94,304 கேபி
இன்பாக்ஸ்.எம்எஸ்எஃப் 0 கேபி
என்எஸ்டிஎம்பி 11,20,512 கேபி
என்எஸ்டிஎம்பி-1 2,07,940 கேபி
சென்ட் 9,83,117 கேபி

பாப் கணக்குதான். போன மாதம் இடத்தைக் குறைக்கலாம் என்று ஆயிரக்கணக்கில் பழைய மெயிலை அழித்தேன், ஆனால் இன்பாக்ஸ் குறைந்த மாதிரியே தெரியவில்லை.

பழைய விசைப்பலகை, மதியம் 2.02

இதைக் காலையிலேயே எழுதியிருந்தால் அரை நாள் மிச்சம். 41,94,304ஐ 1024ஆல் பெருக்கிப் பாருங்கள். 4,294,967,296. சரியாக 4 ஜிபி, ஒரு பைட் முன்னே பின்னே. எந்த இன்பாக்ஸும் தற்செயலாக அந்த எண்ணில் வந்து நிற்காது. ஃபேட்32 என்ற பழைய முறையில் ஃபார்மேட் செய்த டிஸ்க்கில் ஒரு ஃபைல் அதற்குமேல் ஒரு பைட் கூட வளர முடியாது. தம்பி, புரொஃபைல் எந்த டிரைவில் இருக்கிறது?

ஏலக்கடை, மதியம் 2.10

இ டிரைவ். பென் டிரைவ்தான். நாங்கள் எப்போதும் அதில்தானே வைத்திருக்கிறோம்.

கம்பம் திராட்சை, மதியம் 2.12

பென் டிரைவிலா!

ஏலக்கடை, மதியம் 2.24

போடியில் ஆபீஸ், வண்டன்மேட்டில் குடோன், இரண்டிலும் ஒரே மெயில் வேண்டும் என்று முதலாளி அப்படிச் செய்யச் சொன்னார். புரோகிராமும் பென் டிரைவிலேயே இருக்கிறது. காலையில் நான் போடியில் பார்ப்பேன், மத்தியானம் அவர் காரில் எடுத்துக்கொண்டு கம்பம்மெட்டு வழியாக மேலே போவார், சாயங்காலம் திரும்ப வரும். நாலைந்து வருஷமாக ஓடுகிறது. 32 ஜிபி, இன்னும் பாதிக்கு மேல் காலியாக இருக்கிறது, அதனால் இடப் பிரச்சினை இருக்கும் என்று நினைக்கவே இல்லை.

மேற்குமலை, மதியம் 2.51

பென் டிரைவில் இடம் இருக்கிறது, அந்த ஃபைலுக்குத்தான் இடம் இல்லை. 32 ஜிபி வரை உள்ள பென் டிரைவ்கள் பெரும்பாலும் கடையில் வாங்கும்போதே ஃபேட்32இல்தான் வரும்.

அழித்தும் குறையாததற்குக் காரணம் வேறு. தண்டர்பேர்டில் ஒரு மெயிலை அழித்தால் 'இது அழிந்தது' என்று குறி மட்டும் போடும், ஃபைலுக்குள் அது அப்படியே கிடக்கும். கம்பேக்ட் செய்தால்தான் மீதி மெயிலைப் புது ஃபைலில் எழுதிப் பழையதை நீக்கும். அந்த என்எஸ்டிஎம்பி இரண்டும் அப்படி எழுதத் தொடங்கிப் பாதியில் நின்றவை. எழுதிக்கொண்டிருக்கும்போதே யாராவது பென் டிரைவை உருவியிருக்க வேண்டும். எஜெக்ட் கொடுத்துத்தான் எடுப்பீர்களா?

இன்னொன்று, ஸ்கேன் செய்த பில் 3 எம்பி என்றால் மெயிலுக்குள் அது 4 எம்பி. இணைப்பையெல்லாம் எழுத்தாக மாற்றி அனுப்புவதால் மூன்றில் ஒரு பங்கு கூடும். வருஷக்கணக்கில் பில் பில்லாக வந்தால் 4 ஜிபி ஒன்றும் பெரிதில்லை.

செய்ய வேண்டியது. தண்டர்பேர்டை மூடுங்கள். பென் டிரைவில் உள்ள மொத்த ஃபோல்டரையும் கம்ப்யூட்டரின் டி டிரைவுக்குக் காப்பி செய்யுங்கள், மூவ் வேண்டாம். பென் டிரைவை எடுத்து மேஜை டிராயரில் வையுங்கள், இனி அது உங்கள் பேக்கப். டி டிரைவ் என்டிஎஃப்எஸ்தானா (அந்த முறையில் 4 ஜிபி வரம்பு இல்லை) என்று பிராப்பர்ட்டீஸில் பார்த்துக்கொள்ளுங்கள். டி டிரைவில் உள்ள காப்பியில் இன்பாக்ஸ்.எம்எஸ்எஃப் ஒன்றை மட்டும் அழியுங்கள். இன்பாக்ஸ் என்று வால் இல்லாமல் இருப்பதைத் தொடக்கூடாது, மெயில் அதில்தான். அங்கிருந்தே திறந்தால் அட்டவணையைப் புதிதாகக் கட்டும், 4 ஜிபி என்பதால் நேரம் எடுக்கும், உறைந்த மாதிரி இருந்தாலும் விட்டுவிடுங்கள். நீங்கள் அழித்த பழைய மெயில் சில திரும்பத் தெரியலாம், பயப்பட வேண்டாம். கடைசியாக வந்த ஒரு மெயில் பாதியில் அறுந்திருக்கும். பிறகு வருஷத்துக்கு ஒரு ஃபோல்டர் போட்டு ஐந்நூறு ஐந்நூறாக நகர்த்துங்கள், மொத்தமாக இழுக்காதீர்கள். எல்லாம் முடிந்தபின் கம்பேக்ட்.

பழைய விசைப்பலகை, மாலை 3.05

ஒன்று சேர்க்கிறேன். ஆன்டிவைரஸில் அந்த ஃபோல்டருக்கு விலக்குப் போடுங்கள். இன்பாக்ஸ் ஒரே ஃபைல், அதில் ஒரு மெயிலில் வைரஸ் என்று தோன்றினாலும் மொத்த ஃபைலையும் தூக்கிச் சிறையில் வைத்துவிடும், உள்ளே இருக்கும் அத்தனை மெயிலும் போகும். மேற்குமலை சொன்ன வரிசையை மாற்றாமல் செய்யுங்கள்.

கம்பம் திராட்சை, மாலை 3.20

பாப்பை விட்டு ஐமேப்புக்கு மாறினால் பென் டிரைவே வேண்டாமே. மெயில் சர்வரில் இருக்கும், போடியிலும் தெரியும் வண்டன்மேட்டிலும் தெரியும்.

நகரித் தறி, மாலை 3.31

மலையில் மழை பெய்தால் நெட் நிற்கும், அப்போது ஐமேப்பை வைத்து என்ன செய்வது? பாப் என்றால் மெயில் கையில் இருக்கும்.

மேற்குமலை, மாலை 3.44

ஐமேப்பிலும் கம்ப்யூட்டரில் ஒரு பிரதி இருக்கும் அண்ணா. 'இந்தக் கணக்கின் மெயிலை இந்தக் கம்ப்யூட்டரில் வை' என்ற குறி போட்டிருந்தால் போதும், நெட் இல்லாதபோதும் படிக்கலாம். சர்வரில் எவ்வளவு இடம் தருகிறார்கள் என்பதுதான் கேள்வி. சின்ன ஹோஸ்டிங் என்றால் 1 ஜிபிகூட இருக்காது, இவர்களுடைய 5 ஜிபியை அதில் ஏற்ற முடியாது. அதனால் பழையதை டி டிரைவில் வைத்துக்கொண்டு புதிதாக வருவதை மட்டும் ஐமேப்பில் விடலாம்.

கம்பம் திராட்சை, மறுநாள் காலை 8.15

ஏலக்கடை அண்ணே, என்ன ஆயிற்று?

மேற்குமலை, மறுநாள் இரவு 9.40

திறந்ததா இல்லையா என்று ஒரு வரி எழுதுங்கள். 4 ஜிபி ஃபைலைக் காப்பி செய்யும்போதே பென் டிரைவ் பிழை காட்டினால் மேலே எதுவும் செய்யாமல் இங்கே சொல்லுங்கள், அதற்கு வழி வேறு.

ஏலக்கடை, நான்கு நாள் கழித்து, காலை 9.50

மன்னிக்கவும், ஏல வேலையில் இந்தப் பக்கம் வர முடியவில்லை. டி டிரைவில் போட்டதும் திறந்துவிட்டது. நாலு நாளாக ஒரு தடவைகூட மூடவில்லை. 2021 வரை தனித்தனி ஃபோல்டர் போட்டு நகர்த்திவிட்டேன், கம்பேக்ட் செய்ததும் இன்பாக்ஸ் 6 லட்சம் கேபிக்கு வந்துவிட்டது. கடைசி மெயில் அறுந்துதான் இருந்தது, வண்டன்மேட்டில் சொல்லி மறுபடி வாங்கிக்கொண்டேன். பென் டிரைவை உருவுவது உண்மைதான், முதலாளி அவசரத்தில் எடுத்துக்கொண்டு போய்விடுவார். எல்லோருக்கும் நன்றி.

கொழிஞ்சாம்பாறை அண்ணா, நீங்கள் சொன்னதும் 'அனில்' என்று தேடிப் பார்த்தேன். 2019க்கு முந்தையது ஒன்றும் வரவில்லை, ஆனால் ஃபோல்டரைத் திறந்தால் கண் முன்னால் இருக்கிறது. இதற்கு என்ன செய்வது?

கொழிஞ்சாம்பாறை, காலை 10.02

பழைய மெயில் ஒன்றைத் திறந்து அதிலிருந்தே அந்தப் பெயரைக் காப்பி செய்து தேடல் கட்டத்தில் ஒட்டித் தேடுங்கள். விசைப்பலகையில் அடிக்காதீர்கள். அப்போது பழையது முழுக்க வரும். அனுப்பியவர் முகவரியை வைத்துத் தேடினால் இரண்டும் சேர்ந்தே வரும், அதில் சில்லு கிடையாது.