எஃப்-டிஆர் போட்டி ரைபிளை எந்த கன்ஸ்மித்திடம் செய்யக் கொடுப்பது?

கேள்வி

வணக்கம். கடையில் வாங்கிய ரைபிளைக் கொண்டே இதுவரை இலக்குச் சுடுதலில் ஈடுபட்டு வந்த நான், எஃப்-கிளாஸ் எனும் நெடுந்தொலைவு இலக்குச் சுடுதல் போட்டிகளின் எஃப்-டிஆர் பிரிவில் கலந்துகொள்ளும் எண்ணத்துடன் எனக்கென்றே, கைப்பிடியை இழுத்துத் தோட்டா ஏற்றும் ஒரு போல்ட் ஆக்‌ஷன் ரைபிளைச் செய்வித்துக்கொள்ள விரும்புகிறேன். உரிமம் உள்ளிட்ட அனுமதிகள் கையில் இருக்கின்றன. தோட்டா .308 வின்செஸ்டர் என்பதும் முடிவாகிவிட்டது. எந்த கன்ஸ்மித்திடம் (துப்பாக்கி செய்பவரிடம்) கொடுப்பது என்பதில்தான் தயக்கம்.

ஒருவர் வேட்டை ரைபிள்களுக்கு வால்நட் கட்டை செதுக்குவதில் பெயர் பெற்றவர். அவருடைய வேலைப்பாடு கண்ணைப் பறிக்கிறது. மூன்று குண்டுகள் அரை எம்.ஓ.ஏ.க்குள் (எம்.ஓ.ஏ. என்பது பரவலைச் சொல்லும் கோண அளவு, பாகையின் அறுபதில் ஒரு பங்கு) விழும் என்று எழுத்தில் உறுதி தருகிறார். மற்றவர் போட்டி ரைபிள்களை மட்டுமே செய்பவர். அவரிடம் ஓராண்டுக்கு மேல் காத்திருக்க வேண்டும். துல்லியம் பற்றி எந்த உறுதியையும் எழுதித் தர மறுக்கிறார். இருவரிடமும் எதைக் கேட்டால் உண்மையான வேறுபாடு தெரியவரும்?

முதல் மறுமொழி

ஐயா, இருவரில் யார் திறமையானவர் என்பதைவிட, நீங்கள் செய்விக்கப்போகும் ரைபிளை யார் நாள்தோறும் செய்துகொண்டிருக்கிறார் என்று பாருங்கள். எஃப்-டிஆர் பிரிவில் .223 ரெமிங்டன், .308 வின்செஸ்டர் ஆகிய இரண்டு தோட்டாக்களுக்கு மட்டுமே இடமுண்டு. தொலைநோக்கியும் முன்கால்களும் சேர்ந்து ரைபிளின் எடை 8.25 கிலோவைத் தாண்டக் கூடாது. வேட்டைக்காரர் தோளில் சுமந்து நடப்பதற்காக எடையைக் குறைக்கவே பழகிய கைக்கு, அந்த வரம்பை ஒட்டி நீண்ட கனமான குழலை அமைத்து, சுடும்போது ரைபிள் துள்ளாமல் நேர்கோட்டில் பின்வாங்கும்படி கட்டையின் அடிப்பகுதியை வகுப்பது வேறொரு தொழில் என்றே சொல்லலாம்.

என்னைக் கேட்டால், முதல் சந்திப்பிலேயே கவனிக்க வேண்டியது அவர் உங்களிடம் என்ன கேட்கிறார் என்பதைத்தான். எந்தக் குண்டைச் சுடப்போகிறீர்கள், எத்தனை கிரெய்ன் (குண்டின் எடை அலகு) என்று கேட்காமல், சேம்பரை (தோட்டா அமரும் அறையை) வெட்டும் ரீமர் என்ற கருவியைப் பற்றிப் பேசத் தொடங்குகிறவரிடம் நான் கொடுக்க மாட்டேன். 168 கிரெய்ன் குண்டுக்கு 12 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்ற சுருள்வரி (குண்டைச் சுழலவைக்கும் குழலின் உட்பள்ளம்) போதும். எஃப்-டிஆர் வீரர்கள் பலர் விரும்பும் 200 கிரெய்ன் அளவிலான நீண்ட குண்டுகளுக்கு 10 அங்குலத்துக்கு ஒரு சுற்று தேவைப்படுகிறது. அதேபோல, சேம்பருக்கு முன்னுள்ள தொண்டைப் பகுதி நீண்ட குண்டுக்குக் குட்டையாக அமைந்துவிட்டால், குண்டின் அடிப்பகுதி தோட்டாக் கூட்டுக்குள் ஆழமாக இறங்கி, மருந்துக்கான இடத்தைப் பிடித்துக்கொள்ளும். தொண்டை குட்டையாக இருந்தால் பிறகு நீட்டிக்கொள்ளலாம். நீண்டுவிட்டதைக் குறைக்க வேண்டுமானால் குழலைப் பின்புறம் வெட்டி, சேம்பரை மீண்டும் அமைக்க வேண்டும். ஆகவே ரீமரின் வரைபடத்தைக் காட்டச் சொல்லுங்கள். தயங்காமல் எடுத்துக் காட்டி, தொண்டையின் நீளத்தை உங்கள் குண்டோடு பொருத்தி விளக்குபவர் தம் வேலையை அறிந்தவர்.

அடுத்து, குழலை லேத்தில் எப்படி நிலைப்படுத்துகிறார் என்று கேளுங்கள். லேத்தின் சுழலும் தலைப்பகுதியான ஹெட்ஸ்டாக்குக்குள் செலுத்தி வேலை செய்வோரும் உண்டு, ஸ்டெடி ரெஸ்ட் என்ற தாங்கி மீது தாங்க வைத்து வேலை செய்வோரும் உண்டு. இரு முறைகளிலும் சிறந்த ரைபிள்கள் உருவாகியிருப்பதால், முறையை வைத்து ஆளை எடைபோட வேண்டாம். எந்த முறையானாலும், வெளிப்புறத்தை நம்பாமல் குழலின் உள்துளையையே அளந்து நேராக்குகிறாரா, முடிந்த சேம்பரின் மையப் பிசகை அளந்து குறித்துத் தருகிறாரா என்பதே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியது.

இரண்டாம் மறுமொழி

அரை எம்.ஓ.ஏ. உறுதியைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். ஒரு எம்.ஓ.ஏ. என்பது 100 மீட்டரில் ஏறத்தாழ 29 மில்லிமீட்டர். அதில் பாதி 14.5 மில்லிமீட்டர். மூன்று குண்டுகள் அந்த அளவுக்குள் விழுவது நடுத்தரமான ரைபிளிலும் அவ்வப்போது நிகழும். ஒரே ரைபிளில், ஒரே தோட்டாவில், பத்துக் குண்டுத் தொகுதிகளின் சராசரிப் பரவல் மூன்று குண்டுத் தொகுதிகளின் சராசரியைப் போல ஒன்றரை மடங்குக்கும் சற்று அதிகமாகவே இருக்கும். இது ரைபிளின் குறை அன்று, எண்ணிக்கை கூடினால் பரவலும் கூடும் என்ற கணக்குதான். எனவே ஒரே ஒரு சிறிய தொகுதியைத் துண்டுத் தாளில் காட்டுவதை உறுதி என்று நான் ஏற்பதில்லை. எத்தனை குண்டுகள், தொடர்ச்சியாக எத்தனை தொகுதிகள், யாருடைய தோட்டா, யார் சுடுவது, சொன்ன அளவு வரவில்லையென்றால் யார் செலவில் என்ன செய்யப்படும் என்ற ஐந்துக்கும் அவருடைய காகிதத்தில் விடை இருக்கிறதா என்று பாருங்கள்.

இரண்டாமவர் மறுப்பதை நான் குறையாகக் கருதவில்லை. நீங்கள் கையால் நிரப்பப்போகும் தோட்டாவுக்கும் உங்கள் சுடும் பழக்கத்துக்கும் அவர் எப்படிப் பொறுப்பேற்க முடியும்? ஆனால், தம் கையால் செய்த வேலைக்கு அவர் பொறுப்பேற்றே ஆக வேண்டும். ஹெட்ஸ்பேஸ் அளவு (மூடிய போல்ட்டின் முகத்துக்கும் சேம்பரில் தோட்டா தடுக்கப்படும் இடத்துக்கும் இடையிலான தூரம்), ஆக்‌ஷன் (போல்ட் இயங்கும் உலோகப் பகுதி) கட்டையில் வளைக்கும் அழுத்தமின்றிப் பொருந்தும் பெடிங், சேம்பரின் மையம் ஆகியவற்றில் பிழை கண்டால் திருத்தித் தருவேன் என்பதை எழுத்தில் தர அவர் மறுத்தால், அப்போது ஒதுங்கிக்கொள்ளுங்கள்.

கேட்டவரின் குறிப்பு

இருவருக்கும் நன்றி. காத்திருப்பைக் குறைக்க, குழலையும் ஆக்‌ஷனையும் நானே வாங்கிக் கொடுத்துவிடலாமா?

மூன்றாம் மறுமொழி

ரைபிளைச் செய்யப்போகும் கன்ஸ்மித்தைக் கேட்காமல் எதையும் வாங்காதீர்கள். பகுதிகளை நீங்கள் கொடுத்து, பிறகு ரைபிள் சரியாகச் சுடவில்லையென்றால், குழலில் குறையா வேலையில் குறையா என்ற வழக்கைத் தீர்த்துவைக்க ஆள் இருக்காது. வெட்டு முறையில் சுருள்வரி இடும் கிரீகர், பார்ட்லைன் குழல்களிலும், பொத்தான் முறையில் இடும் ஷிலன், லில்ஜா குழல்களிலும் போட்டி வென்றவர்கள் இருக்கிறார்கள். எதைப் பலகாலம் கையாண்டிருக்கிறாரோ அதையே அவர் தேர்ந்தெடுக்கட்டும்.

ஆக்‌ஷன் விஷயத்தில் மட்டும் உங்கள் விருப்பத்தை வலியுறுத்துங்கள். 1962-இல் வெளிவந்த ரெமிங்டன் 700-இன் அடிப்பகுதி அமைப்பைப் பின்பற்றும் ஆக்‌ஷன்கள் ஏராளம். அவற்றுக்கான கட்டையும் விசையும் (டிரிகர்) எங்கும் கிடைக்கும். குழல் தேய்ந்துபோகும் பொருள். .308 குழல் சில ஆயிரம் குண்டுகளைத் தாங்கும், அதன் பிறகு மாற்றித்தான் ஆக வேண்டும். அப்போது அந்த கன்ஸ்மித் தொழிலில் இல்லாமல் போனாலும், வேறொருவர் தொடர்ந்து செய்யும்படி ரைபிள் இருக்க வேண்டும் அல்லவா? அதற்காகவே சேம்பர் அளவுகள், பயன்படுத்திய ரீமர், மரைகளின் அளவு ஆகியவற்றை எழுதிக் கேட்டு வாங்கி வையுங்கள்.

சட்டத்தையும் மறக்க வேண்டாம். 1914-இல் தோன்றிய, துப்பாக்கிச் சோதனைக்கான பன்னாட்டு அமைப்பான சி.ஐ.பி.யில் உள்ள நாடுகளில், கூடுதல் அழுத்தத் தோட்டாவால் சோதித்து முத்திரையிடாமல் ரைபிளை விற்க முடியாது. குழலை மாற்றினாலும் மறு சோதனை தேவைப்படும். அச்சோதனைக்கு அனுப்புவதும் அதன் செலவும் யாருடையது என்பதை முன்பணம் கொடுக்கும் முன்பே பேசிவிடுங்கள்.

நான்காம் மறுமொழி

மேலே சொன்னவை அனைத்தும் சரியே. ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். இரண்டாமவர் செய்த ரைபிளுக்கு அவரிடமே இரண்டாவது, மூன்றாவது குழல் மாற்றிக்கொண்டவர்களைத் தேடிப் பேசுங்கள். புதிதாக வாங்கியவரின் மகிழ்ச்சியைவிட, திரும்பிச் சென்றவரின் சொல்லுக்கே எடை அதிகம். சொன்ன தேதியில் கொடுத்தாரா, தாமதமானபோது தாமாகத் தெரிவித்தாரா என்பதையும் அவர்களிடம் கேளுங்கள். நீண்ட காத்திருப்பு ஒரு குறையாகாது. எழுதிய கடிதத்துக்குப் பதில் வராத காத்திருப்புதான் தாங்க முடியாதது. அவர்கள் நல்லபடியாகச் சொன்னால், இப்போதே பட்டியலில் பெயரைப் பதிவு செய்துவிடுங்கள். உங்கள் முறை வருவதற்குள் குண்டைத் தேர்ந்தெடுத்து, நீங்கள் விரும்பும் நீளத்தில் மருந்தில்லாத மாதிரித் தோட்டா ஒன்றைச் செய்து அனுப்பினால், தொண்டையின் அளவை அவர் அதைக் கொண்டே முடிவு செய்துகொள்வார்.