எம்4 கார்பைன்: ரெட் டாட் இருக்கும்போது இரும்பு சைட் எதற்கு?

செந்தூரன்:
அமெரிக்க ராணுவத்தின் குட்டைக் குழல் ரைஃபிளான எம்4-ல் எம்68 ரெட் டாட் (கண்ணாடியில் சிவப்புப் புள்ளியைக் காட்டும் ஏய்ம்பாயிண்ட் சைட்) மாட்டியிருந்தாலும், இரும்பு சைட்டின் முன்னால் போஸ்ட் (குறிபார்க்கும் சிறு தூண்), பின்னால் துளையுள்ள மடக்கு சைட் இரண்டும் அப்படியே இருக்கின்றன. உருப்பெருக்கமே இல்லாத டாட், 300 மீட்டரில் இரும்பு சைட்டைவிட எதில் மேல்? டாட்டைப் போஸ்டின் நுனியில் உட்காரவைத்தால் ஸீரோ (குறிவைத்த இடத்தில் குண்டு விழும்படி சைட்டைச் சரிசெய்வது) முடிந்தது என்கிறார்களே, அது சரிதானா?

வடமலை:
உருப்பெருக்கத்தை விடுங்கள். பின் துளை, முன் போஸ்ட், இலக்கு மூன்றும் வெவ்வேறு தூரத்தில் இருக்கின்றன. கண்ணுக்கு ஒன்றுதான் கூர்மையாகத் தெரியும். அது போஸ்டாக இருந்தாக வேண்டும், அதனால் இலக்கு மங்கும். டாட்டின் ஒளி இணைகதிராக வருவதால் அது இலக்கின் மேலேயே இருப்பதுபோல் தெரிகிறது. கண்ணை இலக்கிலிருந்து எடுக்க வேண்டியதில்லை, இரு கண்ணும் திறந்திருக்கலாம்.

அடுத்தது கணக்கு. நீளக் குழல் எம்16ஏ2 ரைஃபிளில் முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் இடைவெளி சுமார் 50 செ.மீ., எம்4-ல் சுமார் 37. துளையின் நடுவிலிருந்து போஸ்ட் அரை மில்லிமீட்டர் விலகினால், 300 மீட்டரில் எம்16ஏ2 30 செ.மீ. தவறும், எம்4 40 செ.மீ. தவறும். 1.8 மி.மீ. அகலப் போஸ்ட் அந்தத் தூரத்தில் ஒரு மீட்டருக்கு மேல் மறைக்கிறது. ஆளின் தோள் அகலமோ அரை மீட்டர்தான். 2 எம்ஓஏ (ஒரு எம்ஓஏ என்பது பாகையில் 60-ல் ஒரு பங்கு) டாட் மறைப்பது 17 செ.மீ. மட்டுமே. குழலைக் குட்டையாக்கியபோதே இரும்பு சைட் பாதி தோற்றுவிட்டது என்பது என் கருத்து.

கோட்டைமுனி:
ஸீரோ பற்றி. டாட்டைப் போஸ்டில் உட்காரவைப்பது முதல் குண்டு தாளில் விழ உதவும், அவ்வளவே. போஸ்டில் பிழை இருந்தால் அது டாட்டுக்கும் போய்விடும். இரண்டையும் தனித்தனியாகச் சுட்டுத்தான் சரிசெய்ய வேண்டும்.

25 மீட்டர் தாளில், மடக்கு சைட்டை 300 மீட்டர் குறியில் வைத்து மும்மூன்று குண்டாகச் சுடுவது முறை. உயரத்துக்கு முன் போஸ்ட்: கடிகாரச் சுற்றில் திருப்பினால் போஸ்ட் இறங்கும், குண்டு ஏறும். பக்கவாட்டுக்குப் பின் சைட்டின் குமிழ். பிறகு அதை மடக்கிவிட்டு டாட்டுக்கு வரலாம். அதில் ஒரு கிளிக் 100 மீட்டரில் சுமார் 16 மி.மீ., 25-ல் 4 மி.மீ. ஆக 2 செ.மீ. விலகலுக்கு 5 கிளிக்.

ஸீரோ அடிக்கடி ஓடினால் குழலைக் குறை சொல்லும் முன் மவுண்ட்டை (டாட்டைத் துப்பாக்கியில் பிடித்திருக்கும் தாங்கி) பாருங்கள். ரயிலின் (துப்பாக்கியின் மேலுள்ள பட்டை) பள்ளத்தில் மவுண்ட்டை முன்பக்கமாகத் தள்ளிப் பிடித்தபடி முடுக்க வேண்டும். இல்லாவிட்டால் சுடும் அதிர்வு அந்த இடைவெளிக்குள் அதை நகர்த்திவிடும். திருகுக்கும் உடலுக்கும் குறுக்கே பெயிண்ட்டில் ஒரு கோடு இழுத்தால், தளர்ந்தது உடனே தெரியும்.

டாட் நட்சத்திரம்போல் சிதறுகிறதா? முதலில் வெளிச்சத்தைக் குறையுங்கள். அப்படியும் சிதறினால் பின் துளை வழியாகப் பாருங்கள். வட்டமாகிவிட்டால் கோளாறு கண்ணில், கருவியில் இல்லை.

செந்தூரன்:
தெளிவாயிற்று. அமெரிக்க மரீன்கள் எடுத்த, 4 மடங்கு பெரிதாக்கிக் காட்டும் ஏகாக் சைட் எப்படி?

வடமலை:
அதன் பெரிய பலன், சுடுவதற்கு முன்பே கிடைத்துவிடுகிறது: தூரத்து ஆளின் கையில் இருப்பது ஆயுதமா மண்வெட்டியா என்று தெரிகிறது. விலையும் உண்டு. கண்ணை லென்ஸுக்கு 38 மி.மீ. தூரத்தில் வைத்தாக வேண்டும், 100 மீட்டரில் பார்வைப்பரப்பு சுமார் 12 மீட்டர்தான். பேட்டரி கிடையாது. குறி ஒளிர, பகலில் ஃபைபர் (ஒளியிழை) வெளிச்சத்தைச் சேர்க்கும், இரவில் டிரிட்டியம் (கதிரியக்க வாயு) உதவும். ஆனால் ஃபைபர் சேர்ப்பது சுடுபவர் இருக்கும் இடத்தின் வெளிச்சம். இருட்டறையிலிருந்து வெயிலைப் பார்த்தால் குறி மங்கும். கடும் வெயிலில் கூசும்; ஃபைபர் மேல் டேப் ஒட்டினால் அடங்கும்.

கோட்டைமுனி:
ஒன்று சேர்க்கிறேன். ரெட் டாட் அணைந்தால் அதன் கண்ணாடி வழியாகவே இரும்பு சைட்டைப் பார்க்கலாம். ஏகாக்கில் அது நடக்காது, கழற்றினால்தான் இரும்பு சைட். பிரிட்டனின் 4 மடங்கு சுசாட் சைட் இதனால்தான் தன் முதுகிலேயே அவசரத்துக்கு ஒரு இரும்பு சைட்டைச் சுமந்தது.