பழைய அரண்மனைக்குள் குழந்தைகள் தொட்டு விளையாடும் அருங்காட்சியகம்: சுவரிலும் தரையிலும் கைவைக்காமல் எப்படி அமைப்பது?

கேள்வி: முன்கூடம்

வணக்கம். 18ஆம் நூற்றாண்டு அரண்மனை ஒன்றின் தரைத்தளத்தில் அடுத்தடுத்து நான்கு அறைகள். அவற்றில் 4 முதல் 10 வயதுக் குழந்தைகளுக்கான பகுதி வரப்போகிறது. அரச உடை போட்டுப் பார்ப்பது, அரச விருந்துக்கு மேசை அடுக்குவது, வேலையாட்களை அழைக்கும் மணி, அரியணை ஆகியவை திட்டத்தில் இருக்கின்றன. சுவர்கள் சுண்ணாம்புப் பூச்சு. இரண்டு அறைகளில் தங்க ரேக் (மெல்லிய தங்கத் தாள்) ஒட்டிய மரச்சட்டங்களும் உண்டு. தரை மெழுகு பூசிய மரப்பாளம். பெரிய அறை 10 மீட்டருக்கு 8 மீட்டர், உயரம் 5 மீட்டர்.

பாரம்பரியக் குழுவின் நிபந்தனை: சுவரில் ஓர் ஆணிகூட கூடாது, தரையில் பசை கூடாது, எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் சுவடில்லாமல் கழற்றி எடுக்க முடிய வேண்டும். எனக்குத் தெரிய வேண்டியவை: தடுப்புகளை எப்படி நிறுத்துவது, தரையை எப்படி மூடுவது, உடைகளை எப்படித் தைத்துப் பராமரிப்பது, ஒரு அறைக்குள் எத்தனை பேரை விடலாம்.

பதில் 1: சுதைப்பூச்சு

அறைக்குள் இன்னொரு அறை கட்டுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். அரண்மனை வெளிக்கூடு, நீங்கள் கட்டுவது உள்கூடு, இரண்டுக்கும் நடுவே 10 செ.மீ. காற்றோட்டம். சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை உறிஞ்சி, பிறகு வெளியே விடும். அதை ஒட்டிப் பலகையோ வினைல் தாளோ நிறுத்தினால் ஈரம் பின்னால் அடைபட்டு, உப்புப் பூத்துப் பூச்சு உதிரும். தடுப்பைக் கழற்றும்போதுதான் அது கண்ணில் படும்.

முதலில் தரை. நுண்மணலை மென்தூரிகை வைத்த வேக்யூமால் இரண்டு தடவை எடுக்கவும். மிச்சம் இருந்தால் மேலே நடக்கிற ஒவ்வோர் அடிக்கும் அது உப்புத்தாளாக வேலை செய்யும். அதன்மேல் காற்றுப் போகிற நெய்யாத தாள், அடுத்து 5 மி.மீ. சாயம் போடாத பாலியெஸ்டர் ஃபெல்ட். கம்பளி ஃபெல்ட் வேண்டாம், அந்துப்பூச்சியை வரவழைக்கும். அதற்கு மேல் 12 மி.மீ. ப்ளைவுட் இரண்டு அடுக்கு. மேலடுக்கின் இணைப்பு கீழடுக்கின் இணைப்பு மேல் விழாதபடி குறுக்காகப் போடவும். இரண்டும் சேர்ந்து 24 மி.மீ., ஆகவே ஸ்க்ரூ 20 மி.மீ. தளத்துக்கு வரும்போது தச்சர் கையில் 25 மி.மீ. பெட்டி இருந்தால் அதைத் திருப்பி அனுப்பிவிட வேண்டும்: ஒரே ஒரு ஸ்க்ரூ தரையைத் துளைத்தாலும் அனுமதி போய்விடும். சுவரோரம் 15 மி.மீ. இடைவெளி, மேலே லினோலியம். மொத்த உயரம் 3 செ.மீ. சொச்சம் வரும், அதனால் வாசலில் 40 செ.மீ. நீளச் சரிவுப் பலகை வைக்கவும். உள்நோக்கித் திறக்கும் பழைய கதவுகள் அந்த 3 செ.மீ.யைத் தாண்டாது. கதவு சுழலும் வளைவுக்கு முன்பே தளத்தை நிறுத்துங்கள்.

ரப்பர் பாயை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் மரத்தரை மேல் நேரடியாக விரிக்காதீர்கள். ரப்பரில் இருக்கும் வேதிப்பொருள் மெழுகுக்குள் இறங்கிப் பழுப்புக் கறை போடும், அது போகவே போகாது. நுரை வினைல் பாயும் அப்படித்தான்.

அடுத்து தடுப்பு. இங்கேதான் கணக்குத் தப்புகிறது. 2.1 மீட்டர் உயரம், 2.4 மீட்டர் நீளத் தடுப்பு, அதன் முன்னே 1 மீட்டர் அகல மேடை, மேடைமேல் அரியணை என்று வைப்போம். குழந்தைகள் கூட்டமாகச் சாய்வதை 1.2 மீட்டர் உயரத்தில் 50 கிலோ தள்ளுவிசை என்று எடுத்தால், கவிழ்க்கும் திருப்பம், அதாவது விசையை உயரத்தால் பெருக்கினால், 60. பாதுகாப்புக்கு ஒன்றரை மடங்கு சேர்த்தால் 90. தடுப்பே 100 கிலோ இருக்கிறது, போதும் என்று தோன்றும். ஆனால் தள்ளுவது முன்னிருந்து பின்னோக்கி, அதாவது அரண்மனைச் சுவரை நோக்கி. மேடையின் பின்விளிம்புதான் அச்சு, தடுப்பு நிற்பதும் அதே விளிம்பில். ஆகவே தடுப்பின் எடை எதையும் தாங்கிப் பிடிக்காது. எடையை மேடையின் முன்பக்கத்தில், பின்விளிம்பிலிருந்து 80 செ.மீ. தள்ளி வைக்க வேண்டும். 90-ஐ 0.8-ஆல் வகுத்தால் 112 கிலோ. வாய் தைத்த 25 கிலோ மணல்மூட்டை ஐந்து போதும். அதே ஐந்தையும் தடுப்புக்கு அடியில் போட்டால் ஒரு பயனும் இல்லை.

தரைத்தளம் கிடைத்தது நல்ல யோகம். மாடியாக இருந்தால் பழைய உத்திரங்கள்மேல் இருபது குழந்தைகள் ஒரே தாளத்தில் குதிப்பதை நினைத்து, கீழ்விதானத்துச் சுதைவேலைக்காகவே பொறியாளர் சான்று வாங்க வேண்டியிருக்கும்.

எண்ணிக்கைக்கு வருகிறேன். ஓடியாடும் குழந்தை மணிக்குச் சுமார் 40 கிராம் நீராவி விடும். 30 பேர் என்றால் 1.2 கிலோ. உங்கள் பெரிய அறை 400 கன மீட்டர், ஆக கன மீட்டருக்கு 3 கிராம். 22 டிகிரியில் காற்று முழுக்கப் பிடிக்கக்கூடியதே 19 கிராம் சொச்சம். சன்னல் சாத்தியிருந்தால் ஒரு மணி நேரத்தில் ஈரப்பதம் 15 புள்ளி ஏறிவிடும். தங்க ரேக் தாங்காதது இதைத்தான். ரேக்குக்கு அடியில் இருக்கும் சுண்ணப் பசைப்பூச்சு ஒரு அளவும், அதைத் தாங்கும் மரம் வேறு அளவும் நீண்டு சுருங்கும். நாள்தோறும் ஏறி இறங்கினால் செதில் செதிலாகப் பிரியும். ரேக் வேலை உள்ள அறையில் 15 பேருக்கு மேல் வேண்டாம். 40 நிமிட முறை, நடுவே 20 நிமிடம் காலி. ஈரப்பதமானியை வாசலில் இல்லாமல் ரேக் சட்டத்தின் உயரத்திலேயே வையுங்கள்.

பதில் 2: ஊசிநூல்

உடைகளைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

அரச உடை என்றதும் வெல்வெட், ஜரிகை, பின்னால் நாடா என்று போவார்கள். கழுத்தில் எந்த நாடாவும் கூடாது, குழந்தை எதிலாவது மாட்டினால் இறுகிவிடும். காந்தப் பொத்தானும் கூடாது. பிரிந்து விழுந்தால் விழுங்கிவிடுவார்கள், இரண்டு காந்தம் வயிற்றுக்குள் போனால் குடலைத் துளைக்கும். வெல்க்ரோதான் சரி. அதுவும் பின்முதுகில் ஒரே நீளப்பட்டையாக வேண்டாம், 5 செ.மீ. துண்டுகளாக மூன்று இடத்தில். எதிலாவது மாட்டி இழுபட்டாலும் பிய்ந்து வந்துவிடும்.

முன்புறம் முழுசாக மூடி, பின்புறம் திறந்த மேலங்கி மாதிரி வெட்டுங்கள். போட்டிருக்கும் உடைக்கு மேலேயே கையை நுழைத்துப் போட்டுக்கொள்ளட்டும். மூன்று அளவு போதும்: 90–110, 110–130, 130–150 செ.மீ. உயரத்துக்கு. கீழ்விளிம்பு தரையிலிருந்து 15 செ.மீ. மேலே நிற்கட்டும். அரச உடை தரையைக் கூட்டவில்லையே என்று யாராவது குறை சொல்வார்கள், விட்டுவிடுங்கள். மேடைப் படியில் கால் தடுக்குவது அந்த விளிம்பால்தான்.

வெல்க்ரோவில் முதலில் கெடுவது கொக்கிப் பக்கம். பஞ்சு அடைத்துப் பிடிப்பு போய்விடும், போதாததற்குப் பக்கத்து ஜரிகையையும் பிடித்துக் கிழிக்கும். துவைக்கும் முன் ஒட்டி மூட வேண்டும். வாரம் ஒருமுறை பழைய பல்துலக்கி பிரஷ்ஷால் பஞ்சைச் சீவி எடுக்கவும். கொக்கிப் பட்டையைத் தனித்துணியில் தைத்து, அந்தத் துணியை உடையோடு சேர்த்துவிட்டால் மாற்றுவது பத்து நிமிட வேலை.

துணி: 60 டிகிரி வெந்நீர் தாங்கும் பருத்தி-பாலியெஸ்டர் கலவை. 15 பேர் முறைக்கு 15 உடை மாட்டியில், 15 சலவையில், 5 தையலில். 35-க்குக் குறைந்தால் மூன்றாம் வாரமே பற்றாக்குறை வரும்.

தலையில் வைப்பது எதுவும் வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. பொய்முடியும் கிரீடமும் பேன் பரப்பும். அதற்குப் பதில் கண்ணாடிக்கு முன்னால், கெட்டி நுரையில் செதுக்கிப் பூசிய பொய்முடியை ஒரு தண்டில் பொருத்திவிடுங்கள். குழந்தை பின்னால் போய் நின்றால் கண்ணாடியில் முடி தலையில் இருப்பது போலத் தெரியும். 95, 115, 135 செ.மீ. உயரத்தில் மூன்று வைத்தால் எல்லா வயதுக்கும் ஆயிற்று.

முன்கூடம்

இருவருக்கும் நன்றி. மணல்மூட்டை நிற்கும் இடம் எங்கள் வரைபடத்தில் தப்பாகத்தான் இருந்தது, மாற்றிவிட்டோம். அழைப்பு மணியும் விருந்து மேசையும் பாக்கி. மணிக்கு வடம் இழுக்கும் அமைப்புதான் வரலாற்றுக்குப் பொருந்துகிறது. வேறு வழி உண்டா?

பதில் 3: கீலும் கொண்டியும்

வடம் வேண்டாம். இழுப்பதோடு நிற்காமல் தொங்குவார்கள், கழுத்தில் சுற்றுவார்கள். கண்ணுக்குத் தெரிகிற முனையில் மரக்கைப்பிடி வைத்த நெம்புகோல் இருக்கட்டும். அதிலிருந்து 2 மி.மீ. துருப்பிடிக்காத கம்பிவடம், மூலைகளில் இழுப்பின் திசையை மாற்றும் முக்கோணத் திருப்பி, கடைசியில் சுருள்வில்லில் ஆடும் மணி. திருப்பிகளைத் தெளிந்த பலகைக்குப் பின்னால் குழந்தைகள் பார்க்கும்படி வையுங்கள். இங்கே இழுத்தால் மூன்று அறை தள்ளி அங்கே ஏன் ஆடுகிறது என்பதுதான் இந்தக் காட்சியின் உயிர்.

கெடும் இடம் ஒன்றே ஒன்று: விசையைத் தாங்கும் தடுப்புக்கட்டையை மணிப்பக்கம் வைப்பது. அப்படி வைத்தால் ஒவ்வோர் இழுப்பும் கம்பி முழுக்கப் போய் அதை நீட்டிவிடும், ஒரு மாதத்தில் மணி ஆடாது. தடுப்புக்கட்டை நெம்புகோலிலேயே இருக்க வேண்டும். 4 செ.மீ. நகர்ந்ததும் கோல் கட்டையில் மோதி நிற்கட்டும், 50 கிலோ வரை அந்தக் கட்டை தாங்கட்டும். கம்பிக்குப் போவது மணியை ஆட்டத் தேவையான விசை மட்டுமே. நடுவே ஒரு மெல்லிய சுருள்வில் போட்டால் இன்னும் நல்லது.

எதைச் செய்தாலும் இடைவெளிகளை அளந்து பாருங்கள். ஐரோப்பிய விளையாட்டுத்திடல் தரமான இஎன் 1176 சொல்கிற அளவுகள் இங்கேயும் உதவும்: 8 முதல் 25 மி.மீ. வரையான துளை விரலைப் பிடிக்கும், 89 முதல் 230 மி.மீ. வரையான திறப்பு தலையைப் பிடிக்கும். அரியணைக் கைப்பிடியின் அழகுவேலைத் துளைகளும், மேடைக் கைப்பிடிக் கம்பிகளும் அந்த எல்லைக்குள் விழக் கூடாது.

மேசை: நின்று அடுக்க 60 செ.மீ. உயரம். தட்டு, கரண்டி, கோப்பை வைக்கும் இடங்களின் வெளிக்கோட்டை மேற்பரப்பில் காட்ட வேண்டும். வரைந்து மேலே பாலிகார்பனேட் தகடு போடுவது எல்லாருக்கும் முதலில் தோன்றும் யோசனை. கீறி மங்கிவிடும், சில மாதத்தில் கோடே தெரியாது. 10 மி.மீ. கெட்டி லேமினேட்டில் 1 மி.மீ. ஆழம் செதுக்குங்கள். விரலால் தடவியும் கண்டுபிடிக்கலாம், பார்வைக் குறைபாடுள்ள குழந்தைகளும் அடுக்குவார்கள். தட்டு மெலமைன், கத்தி முனை மழுங்கிய கெட்டி மரம். மூன்று வயதுக்குக் கீழுள்ள தம்பி தங்கைகளும் கூடவே வருவார்கள், ஆகவே 31.7 மி.மீ. விட்டமுள்ள சோதனைக் குழாய்க்குள் விழும் எதுவும் மேசையில் இருக்கக் கூடாது.

வேலையாட்களின் பக்கத்தை விடாதீர்கள். வியன்னாவின் ஷோன்புருன் அரண்மனையில் ஓட்டுக்கல் கணப்புகளுக்குச் சுவருக்குப் பின்னாலுள்ள ஒடுங்கிய வழியிலிருந்துதான் விறகு போட்டார்கள், அறைக்குள் சாம்பல் வராது. உங்கள் தடுப்புக்குப் பின்னால் 80 செ.மீ. அகலத்தில் அப்படி ஒரு வழி விட்டு, மரக்கட்டை அடுக்கும் கணப்பு ஒன்று வைத்துப் பாருங்கள். அரியணையைவிட அங்கேதான் கூட்டம் நிற்கும்.

பதில் 4: விளக்கும் நிழலும்

தொடலாம், தொடக் கூடாது என்ற எல்லையைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லை. சுவரில் “தொடாதீர்” பலகையும் மேசையில் “தொடுங்கள்” பலகையும் ஒரே அறையில் இருந்தால் ஐந்து வயதுக் குழந்தைக்கு இரண்டும் ஒன்றுதான். கோபன்ஹேகனில் டென்மார்க் தேசிய அருங்காட்சியகம் இருக்கிற இளவரசர் மாளிகை 1740-களில் நிக்கோலாய் ஐக்ட்வெட் கட்டியது. அங்கே குழந்தைகள் பகுதி தனி அறைகளில், ஏறலாம், உடுத்தலாம் என்று முழுக்க அவர்களுக்கே விடப்பட்டிருக்கிறது. சியோலில் கியோங்பொக்குங் அரண்மனை வளாகத்துக்குள் நாட்டுப்புற அருங்காட்சியகத்தின் குழந்தைகள் பிரிவும் தனியாகத்தான் இருக்கிறது. உங்களுக்குத் தனிக் கட்டடம் இல்லையென்றால் நிறத்தால் பிரியுங்கள். தொடக்கூடிய எல்லாமே ஒரே அழுத்தமான நிறத் தளத்தின்மேல், அந்த நிறம் வேறெங்கும் கூடாது. ரேக் சட்டத்துக்கும் அந்தத் தளத்துக்கும் நடுவே ஒன்றரை மீட்டர் விடுங்கள், நீட்டிய கை எட்டாது.

ஊசிநூல் சொன்னதில் எல்லாமே நகல் என்ற தொனி இருக்கிறது. அதில் எனக்கு உடன்பாடில்லை. அறைக்கு ஒரே ஒரு அசல் பொருளாவது இருக்கட்டும், பூட்டிய கண்ணாடிப் பெட்டியில், பொருளின் மையம் தரையிலிருந்து 100 செ.மீ. உயரத்தில். தான் இப்போது அடுக்கிய மெலமைன் தட்டின் அசல் இதுதான் என்று பார்க்கும் குழந்தை பெட்டிமேல் மூக்கை ஒட்டிக்கொண்டு நிற்கும். பெட்டிக்குள் எம்டிஎஃப் (மரநாரைப் பசையோடு அழுத்திய) பலகை கூடாது, அதிலிருந்து வரும் அமில ஆவி உலோகத்தைக் கெடுக்கும். அசல் துணி என்றால் 50 லக்ஸுக்கு (வெளிச்சத்தின் அலகு) மேல் வெளிச்சம் வேண்டாம். மேசைக்கோ 200 லக்ஸாவது வேண்டும். ஆகவே மேசை விளக்கைத் தடுப்பின் மேல்சட்டத்திலேயே பொருத்திக் கீழ்நோக்கிக் கவிழ்த்துவிடுங்கள், 24 வோல்ட் போதும். அரண்மனையின் பழைய மின்கம்பியில் எதையும் சேர்க்காதீர்கள்.

களிமண், வண்ணம், தண்ணீர், தானியத் தொட்டி நான்கும் வெளிமுற்றத்துக்கு. அரிசி கொட்டி அளையவிடும் தொட்டி ஒன்று உள்ளே வந்தால் வண்டும் எலியும் பின்னாலேயே வரும், எலி வந்த பிறகு அடுத்த இலக்கு மரச்சட்டம்.

பதில் 2: ஊசிநூல்

அசல் பொருள் ஒன்று என்பது நியாயம், ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் உடை மாற்றும் அறையில் மட்டும் அசல் துணி வேண்டாம். அங்கேதான் பஞ்சும் தூசும் அதிகம், பூச்சியும் அங்கேதான் முதலில் வரும். பழைய வெள்ளித் தட்டை மேசை அறையில் வையுங்கள். உடைமாட்டிகளுக்கு அடியில் ஒட்டுப்பொறி அட்டை நான்கு போட்டு, மாதம் ஒருமுறை அதில் என்ன சிக்கியிருக்கிறது என்று எண்ணி எழுதி வையுங்கள். அந்துப்பூச்சி ஒன்று சிக்கினாலும் அன்றே 35 உடையும் வெந்நீருக்குப் போக வேண்டும்.