பாஸாவிலிருந்து வியன்னா வரை டான்யூப் கரையில்: வாகனத் தொல்லையில்லாமல் சைக்கிளில் போக முடியுமா?

நெக்கர்க்கரை (கேள்வி):

வணக்கம். நாங்கள் ஸ்டுட்கார்ட் பக்கத்தில் வசிக்கிறோம். வரும் கோடை விடுமுறையில் நானும் மனைவியும் பதினொரு வயது மகளும் ஜெர்மனியின் பாஸாவிலிருந்து ஆஸ்திரியாவின் வியன்னா வரை டான்யூப் ஆற்றோரமாகவே சைக்கிளில் போக எண்ணியிருக்கிறோம். தொலைவு 300 கிலோமீட்டருக்குச் சற்று மேலே வரும் என்றும், மேடு என்று சொல்லத்தக்க எதுவும் இல்லை என்றும் பல இடங்களில் படித்தேன்.

மேட்டைப் பற்றி எனக்குக் கவலையில்லை. வாகனங்களைப் பற்றித்தான் கேட்க வேண்டியிருக்கிறது. மனைவி யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர். பள்ளிக்கூடம், ரியூசன், சந்தை என்று எல்லாவற்றுக்கும் சைக்கிளிலேயே போய் வந்தவர். ஆனால் இங்கே ஒரு லாரி தோளை உரசுவதுபோலக் கடந்து போன நாளிலிருந்து, வாகனம் ஓடும் சாலையில் சைக்கிள் ஓட மாட்டேன் என்று நிற்கிறார். மகள் நன்றாகவே ஓடுவாள். ஆனால் வழியில் ஒரு வாத்தைக் கண்டால் கண்ணோடு சேர்ந்து கைப்பிடியும் அந்தப் பக்கம் திரும்பிவிடும்.

இரு கரையிலும் பாதை இருப்பதாக வரைபடம் காட்டுகிறது. எந்தக் கரையில் போவது நல்லது? எத்தனை நாள் ஒதுக்க வேண்டும்? நேரில் போனவர்கள் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.

பழைய பெடல்:

இந்தப் பாதையில் இரண்டு முறை முழுத் தொலைவும் போயிருக்கிறேன். பெரும்பகுதி வாகனமே இல்லாத பாதைதான். ஆனால் ஒரே கரையைப் பிடித்துக்கொண்டு கடைசிவரை போனால் அந்த நிம்மதி கிடைக்காது. ஒரு கரை அமைதியாக இருக்கும் இடத்தில் மறுகரையில் நெடுஞ்சாலை ஓடிக்கொண்டிருக்கும், பத்து இருபது கிலோமீட்டர் தாண்டினால் நிலைமை தலைகீழாகிவிடும். ஆகவே பாலம், மின்நிலைய அணை, படகு என்று கிடைத்த வழியில் ஆற்றைக் கடந்து கடந்து போவதுதான் இந்தப் பயணத்தின் சூட்சுமம்.

பாதை இவ்வளவு சமதளமாக இருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. நீராவிக் கப்பல்கள் வருவதற்கு முன்பு, ஆற்றை எதிர்த்து மேலே போக வேண்டிய சரக்குப் படகுகளை வடம் கட்டிக் குதிரைகள்தான் இழுத்தன. அந்தக் குதிரைகள் நடப்பதற்காகத் தண்ணீரை ஒட்டிப் போட்ட தடத்துக்கு ஆஸ்திரியாவில் 'ட்ரெப்பெல்வேக்' என்று பெயர். அதன் பல துண்டுகளும், இருபதாம் நூற்றாண்டில் மின்நிலையங்களுக்காக எழுப்பிய கரைகளின் மேலுள்ள பராமரிப்புப் பாதைகளும் சேர்ந்துதான் இன்றைய சைக்கிள் பாதையாகியிருக்கின்றன. எப்போதாவது ஒரு பராமரிப்பு வண்டி மெதுவாக எதிரே வரும், அவ்வளவுதான்.

முதல் நாள் பாஸாவிலிருந்து ஷ்லோகன் வரை சுமார் 42 கிலோமீட்டர். ஊரை விட்டு வெளியேறும் பகுதியில் எந்தக் கரையிலும் சாலை பக்கத்திலேயே வரும். சைக்கிளுக்குத் தனிப் பாதை இருக்கிறது, ஆனால் இரைச்சல் இருக்கும். இந்த முதல் சில மணி நேரத்தை வைத்து உங்கள் மனைவி முழுப் பாதையையும் எடைபோட்டுவிடக் கூடாது என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள். ஷ்லோகனில் ஆறு மலைகளுக்கு நடுவே வளைந்து ஏறக்குறைய எதிர்த்திசைக்கே திரும்புகிறது. அங்கிருந்து அஷாக் வரை தென்கரையில் போங்கள். காடு, தண்ணீர், இரண்டுக்கும் நடுவே ஒரு வண்டி அகலத் தார்ப்பாதை, வழியில் ஓரிரு சிற்றூர்கள். இத்தனை அமைதியான சைக்கிள் பாதையை நான் வேறு எங்கும் கண்டதில்லை.

அதன் பிறகு கிரைன் என்ற ஊரிலிருந்து இப்ஸ் வரையிலும் தென்கரைதான் நல்லது, ஏனென்றால் வடகரையில் பெரிய சாலை வருகிறது. மலைகள் நெருக்கும் அந்தப் பகுதி ஒரு காலத்தில் சுழல்களுக்கும் பாறைகளுக்கும் பேர்போனது. படகுக்காரர்கள் அஞ்சிய பாறைகளைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வெடி வைத்துத் தகர்த்தார்கள். இப்போது 1959இல் முடிந்த இப்ஸ்–பெர்ஸன்பாய்க் மின்நிலையம் நீரைத் தேக்கி வைத்திருப்பதால் ஆறு ஏரிபோல் கிடக்கிறது.

மெல்க்கிலிருந்து கிரெம்ஸ் வரையுள்ள வாகாவ் பள்ளத்தாக்கில் மட்டும் வடகரையைத் தேர்ந்தெடுங்கள். திராட்சைத் தோட்டங்களின் ஊடாகவும் பழைய ஊர்களின் தெருக்களிலும் பாதை போகிறது. 1908இல் புகழ்பெற்ற கற்காலச் சிறிய பெண்ணுருவச் சிலை கிடைத்த வில்லன்டார்ஃப், இங்கிலாந்து மன்னன் முதலாம் ரிச்சர்ட் சிறைவைக்கப்பட்டிருந்த டுர்ன்ஷ்டைன் இரண்டும் அந்தக் கரையில்தான் இருக்கின்றன.

நாள் கணக்குக்கு வருகிறேன். குழந்தையுடன் என்றால் ஏழு நாள் ஓட்டம், நடுவில் ஒரு நாள் ஓய்வு. ஆற்றோரம் நிற்கும் கிலோமீட்டர் பலகைகளை மகளுக்குக் காட்டுங்கள். டான்யூபில் தொலைவைக் கடலில் கலக்கும் இடத்திலிருந்து மேல்நோக்கி எண்ணுகிறார்கள். பாஸாவில் 2,225க்கு அருகில் இருக்கும் எண் வியன்னாவில் 1,929க்கு வந்து நிற்கும். என் மகன் வாத்தை மறந்து எண்ணைத் தேட ஆரம்பித்தது அப்படித்தான்.

லின்ஸ்வாசி:

மேலே எழுதியவரோடு பெரும்பாலும் உடன்படுகிறேன், வாகாவைத் தவிர. கோடை விடுமுறையில் வடகரையில் சைக்கிள்காரர்களின் கூட்டம் அதிகம். ஊர்களுக்குள் கல் பாவிய குறுகலான தெருக்களில் சுற்றுலாப் பயணிகளும் நடந்து வருவார்கள். சிறுசிறு ஏற்றங்களும் உண்டு. லாரிக்கு அஞ்சுகிறவரை அந்த நெரிசலில் ஏன் விட வேண்டும்? தென்கரையில் ஆப்பிரிகாட் தோப்புகளின் ஓரமாக நிம்மதியாகப் போகலாம், எதிர்க்கரையின் ஊர்களும் கோட்டைகளும் அங்கிருந்துதான் முழுதாகக் கண்ணில் படும். படத்தை ரசிக்க வேண்டுமானால் படத்துக்கு வெளியே அல்லவா நிற்க வேண்டும்!

வடகரை ஊர்களைப் பார்க்க வேண்டுமென்றால் ஆர்ன்ஸ்டார்ஃபிலிருந்து ஷ்பிட்ஸ் ஊருக்குப் படகில் கடந்து போய்த் திரும்பி வாருங்கள். அந்தப் படகை ஓட்டுவது எஞ்சின் அல்ல, ஆறுதான். ஆற்றுக்கு மேலே கரைக்குக் கரை ஒரு இரும்பு வடம் கட்டியிருக்கிறார்கள். படகு அதில் தொங்குவதுபோல் இணைந்திருக்கிறது. படகோட்டி சுக்கானைத் திருப்பியதும் படகு நீரோட்டத்துக்குச் சாய்வாக நிற்கிறது, நீர் தள்ளுகிறது, படகு பக்கவாட்டில் நகர்ந்து அக்கரையில் சேர்கிறது. நடு ஆற்றில் நிற்கும்போது பலகைக்கு அடியில் தண்ணீர் சலசலக்கும் ஒலி ஒன்றுதான் கேட்கும். உங்கள் மகளுக்கு ஒரு தேவாலயத்தையும் ஒரு கோட்டையையும் காட்டுவதைவிட இந்தப் படகைக் காட்டுவது மேல்.

லின்ஸுக்கு முன்னால் ஓட்டன்ஸ்ஹைமிலிருந்து நகரம் வரை நெடுஞ்சாலையை ஒட்டித்தான் வர வேண்டியிருக்கும். பாதை தனிதான், ஆபத்தில்லை. ஆனால் பேசிக்கொண்டு வர முடியாது. லின்ஸைத் தாண்டியதும் வடகரையைப் பிடியுங்கள், தென்கரை முழுக்க உருக்காலையும் துறைமுகமும்தான். வடகரையில் மவுட்ஹவுசன் வரை பெரும்பாலும் ஆற்றங்கரை மேலேயே போகலாம்.

மவுட்ஹவுசன் ஊருக்கு மேலே குன்றின்மீது நாஜிகளின் வதைமுகாம் நினைவிடம் இருக்கிறது. 1938 முதல் 1945 வரை அந்த முகாமுக்கும் அதன் கிளை முகாம்களுக்கும் ஏறத்தாழ 1,90,000 பேர் கொண்டுவரப்பட்டார்கள். குறைந்தது 90,000 பேர் அங்கே உயிரிழந்தார்கள். முழுப் பயணத்திலும் உண்மையான ஏற்றம் அந்தக் குன்று ஒன்றுதான். பதினொரு வயதுக் குழந்தையை அழைத்துப் போவதா என்பதைப் பெற்றோர்தான் முடிவு செய்ய வேண்டும். நாங்கள் போனபோது ஒருவர் சைக்கிள்களோடும் பிள்ளைகளோடும் கீழே இருக்க, மற்றவர் மேலே போய் வந்தோம்.

எதிர்க்காற்று:

பாதையைப் பற்றி இருவரும் சொல்லிவிட்டார்கள். நான் காற்றையும் தண்ணீரையும் பற்றி மட்டும் சொல்கிறேன்.

ஆறு பாயும் திசையில் போவதால் இறக்கத்திலேயே போகலாம் என்று பலர் நினைக்கிறார்கள். பாஸாவ் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 300 மீட்டர், வியன்னா ஏறக்குறைய 160 மீட்டர். கணக்குப் போட்டால் கிலோமீட்டருக்கு அரை மீட்டருக்கும் குறைவான இறக்கம்; அதைக் கால் உணராது. மேற்கிலிருந்து கிழக்கே போவதன் உண்மையான லாபம் காற்றுதான், ஏனென்றால் பெரும்பாலான நாட்களில் மேற்குக் காற்று முதுகைத் தள்ளும். கிழக்குக் காற்று வீசும் நாளும் வரும். கிரெம்ஸுக்குக் கீழே டுல்ன் வரை மறைவே இல்லாத நீண்ட நேர்க்கரை. அங்கே எதிர்க்காற்றில் மாட்டி, 45 கிலோமீட்டரைக் கடக்க ஒரு முழு நாள் எடுத்தவன் நான். நிழலும் கிடையாது, ஆகவே கிரெம்ஸிலேயே தண்ணீரை நிரப்பிக்கொள்ளுங்கள். அந்த வெட்டவெளியில் தென்கரையில் ட்ஸ்வெண்டன்டார்ஃப் அணுமின் நிலையம் கண்ணில் படும். முழுதாகக் கட்டி முடித்த பிறகு, 1978இல் நடந்த பொதுவாக்கெடுப்பில் 50.47 விழுக்காட்டினர் வேண்டாம் என்றதால் ஒரு நாள்கூட இயங்காத நிலையம் அது.

தண்ணீரை ஒட்டிய பாதை என்பதால் வெள்ளம் வந்தால் முதலில் மூழ்குவதும் இதுதான். பாஸாவ் நகர்மன்றக் கட்டடத்துச் சுவரில் ஒவ்வொரு பெருவெள்ளத்தின் உயரத்தையும் குறித்து வைத்திருக்கிறார்கள். 2013 ஜூனில் ஆற்றுமட்டம் 12.89 மீட்டரை எட்டியதைக் காட்டும் கோடு உங்கள் தலைக்கு மேலே இருக்கும். புறப்படுவதற்கு முந்தைய வாரத்தில் ஆற்றின் மேற்பகுதியில் மழை எப்படி என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

வாடகைச் சைக்கிள் எடுப்பதானால் கடையிலேயே பம்ப், மாற்று டியூப், சக்கரத்தைக் கழற்றும் சாவி மூன்றும் இருக்கின்றனவா என்று திறந்து பாருங்கள். நான் எடுத்த சைக்கிளின் பையில் பம்ப் இருந்தது. அதன் வாய் டியூபின் வால்வுக்குப் பொருந்தவில்லை. அதைப் பஞ்சரான பிறகு, ஆறு கிலோமீட்டர் தள்ளிக்கொண்டு நடந்தபோதுதான் தெரிந்துகொண்டேன். திரும்பி வரும் ரயிலில் சைக்கிளுக்கும் தனியாக இடம் பதிவு செய்ய வேண்டும். கோடையில் மூன்று சைக்கிள்களுக்கான இடம் கடைசி நேரத்தில் கிடைக்காது.

நெக்கர்க்கரை:

மூவருக்கும் மிக்க நன்றி. மனைவிக்கு எல்லாவற்றையும் வாசித்துக் காட்டினேன். முதல் நாள் இரைச்சலை மன்னிப்பதாகச் சொல்லியிருக்கிறார். வாகாவில் தென்கரையும் நடுவில் ஷ்பிட்ஸ் படகும் என்று முடிவாகிவிட்டது. படகைப் பற்றிக் கேட்டதும் மகள் அதில் இரண்டு முறை போக வேண்டும் என்கிறாள். ஒரே ஒரு சந்தேகம்: நாங்கள் ஆகஸ்ட் முதல் வாரத்தில் அங்கே இருப்போம். அப்போது ஆப்பிரிகாட் பழம் கிடைக்குமா?

லின்ஸ்வாசி:

அறுவடை ஜூலை நடுவில்தான் உச்சத்தில் இருக்கும். ஆகஸ்டில் மரத்தில் பழம் பார்ப்பது அரிது. ஆனால் சாலையோரக் கடைகளில் ஜாமும் பழச்சாறும் இருக்கும். உணவகத்தில் பழத்தை உள்ளே வைத்து வேகவைத்த உருண்டையைக் கேட்டு வாங்குங்கள், பார்க்க நம் கொழுக்கட்டை மாதிரியே இருக்கும். ஆர்ன்ஸ்டார்ஃப் படகுத்துறைக்குப் போவதற்கு முன்பே ஜாம் வாங்கிவிடாதீர்கள். கண்ணாடிப் புட்டியோடு சைக்கிளைப் படகில் ஏற்றிய அனுபவம் எனக்கு உண்டு, பக்கப் பையைக் கழுவ இரண்டு நாள் ஆயிற்று.