பொறியியல் முதலாண்டில் தடுமாறும் மாணவர்களுக்கு எவ்வாறு துணை நிற்பது?

கேள்வி: தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் பொறியியல் முதலாண்டு மாணவர்களுக்குக் கணிதம் கற்பிக்கிறேன். கிராமப் பள்ளிகளிலிருந்து வரும் கறுப்பின மாணவர்கள் சிலர் திறமையிருந்தும் நுண்கணிதத்தில் பின்தங்குகிறார்கள். தனி வகுப்பு வைத்தால் போதுமா?

பதில் 1: ஐயா, பின்தங்கியவர்களுக்கான தனி வகுப்பு என்றாலே பிள்ளைகள் கூசி ஒதுங்குவார்கள். அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 1970களில் கணிதவியலாளர் யூரி டிரைஸ்மன் கவனித்தபோது, கறுப்பின மாணவர்கள் கடுமையாக உழைத்தும் பெரும்பாலும் தனித்தே படித்தார்கள். சீன வம்சாவளியினரோ கூடி விவாதித்தார்கள். ஆகவே எளிய பாடங்களை அல்ல, கடினமான கணக்குகளைக் குழுவாகத் தீர்க்கும் பட்டறைகளை அவர் அமைத்தார்.

பதில் 2: முதல் பதிலில் அக்கா சொல்வது சரிதான். ஆயினும் விடுதியும் உணவும் உறுதியாகாதவருக்குப் பட்டறையில் மனம் எப்படி ஒன்றும்?

பதில் 3: கேப் டவுன் பல்கலைக்கழகத்தில் பொறியியல் மாணவர்களுக்கான ஆஸ்பெக்ட் என்னும் துணைத் திட்டம் நான்காண்டுப் பட்டத்தை ஐந்தாண்டாக விரித்து, தொடக்கத்திலேயே கூடுதல் கற்பித்தலைச் சேர்க்கிறது. கால அவகாசமே பெரிய உதவி என்பது என் எண்ணம். கூடுதல் ஆண்டுக்கான கட்டணத்தை மட்டும் முன்கூட்டியே உறுதிசெய்யுங்கள்.